ரோட்டில் மரம் முளைக்காது

வேலிக்கு உள்ளே நாங்கள் பத்திரம்தான். அதை நான் மறுத்தால் என் நாக்கு அழுகட்டும். எங்கள் ஊர் எரிந்த அன்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தோம். கதவைத் திறந்து உள்ளே விட்டது இந்த வெளிநாட்டு அமைதிப் படைக்காரர்கள்தான். மேலிடத்தைக் கேட்டுவிட்டுத் திறக்கிறோம் என்று அன்று நின்றிருந்தால், இதைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன். என் மூத்த மகன் கோவாங் அந்தக் கதவு வரைக்கும் வந்து சேரவில்லை. இன்றும் எல்லோரும் என்னைக் கோவாங் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஆனால் வேலிக்கு உள்ளே விறகு கிடையாது. சோளம் கொடுக்கிறார்கள், எண்ணெய் கொடுக்கிறார்கள், அடுப்பை எதைக் கொண்டு எரிப்பது என்று மட்டும் ஒரு மகராசனும் யோசிக்கவில்லை. சோளத்தைப் பச்சையாகக் கொறிக்க நாங்கள் என்ன கோழியா? முகாமைச் சுற்றி இருந்த மரமெல்லாம் வெட்டித் தீர்ந்து, இப்போது விறகு வேண்டுமென்றால் ரோட்டைத் தாண்டி, புல்வெளியைத் தாண்டி, கருவேலங்காட்டுக்குப் போக வேண்டும். அந்தக் காட்டில்தான் எங்கள் ஊரை எரித்த துப்பாக்கிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆண்கள் போவதில்லை. போனால் சுட்டுவிடுவார்கள். பெண்கள் போனால் உயிரோடு திரும்பி வருவார்கள். இது எங்கள் முகாமில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உயிரோடு திரும்பினால் போதுமா என்று எந்த ஆண்பிள்ளையும் எங்களைக் கேட்டதில்லை.

அன்று என் மகள் நியாகோவா வேறு இரண்டு பெண்களோடு விறகுக்குப் போனாள். அவள் ஓடத் தெரிந்தவள். நெற்றி வீங்கி, கோடாலியை விட்டுவிட்டு, புல்லெல்லாம் காலைக் கிழிக்க ஓடி வந்து சேர்ந்தாள். மற்ற இருவரும் வெகு நேரம் கழித்து வந்தார்கள். அவர்களுக்கு நடந்ததை நான் சொல்ல மாட்டேன். சொல்வதா வேண்டாமா என்பது அவர்கள் பாடு. என் மகள் அழவில்லை. ஈரத் துணியை நெற்றியில் வைத்து அமுக்கிக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"படைக்காரங்க வெள்ளை வண்டி ரோட்டுலயே நின்னுச்சும்மா. நான் கத்தினேன். வண்டி மேல நின்னவன் என்னைப் பார்த்தான். நல்லாப் பார்த்தான். அப்புறம் வண்டி திரும்பிப் போயிடுச்சு."

இனி காட்டுக்குப் போக மாட்டேன் என்றும் சொன்னாள். சரி, போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் ஒரு சுள்ளி இல்லை. அவள் போகாவிட்டால் நான் போக வேண்டும். என் முழங்காலை வைத்துக்கொண்டு நான் ஓட முடியாது. அன்றைக்குக் குடிசையின் மூலைக் கம்பு ஒன்றைப் பிடுங்கி அடுப்பில் வைத்தேன். மேலே விரித்திருந்த பிளாஸ்டிக் தொங்கிப்போய் மழை உள்ளே கொட்டியது. சோளம் வெந்தது, நாங்கள் நனைந்தோம்.

முகாம் தலைவர் கட்விச்சிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், பொறுமைசாலி. அந்தப் பொறுமைதான் எனக்கு ஆகாது. அவர் படை மேஜரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்து, மேஜர் மிகவும் வருந்தினார் என்றார். ரோந்து வண்டி அன்றும் தவறாமல் ரோட்டில் போய் வந்திருக்கிறதாம். ரோட்டை விட்டு இறங்க விதியில் இடமில்லையாம். நாம் அதிகம் கத்தினால் கோபித்துக்கொண்டு மூட்டை கட்டிப் போய்விடுவார்கள், அப்புறம் அத்தனை பேருக்கும் ஒரே குழிதான் என்று கட்விச் என்னை அடக்கப் பார்த்தார்.

பக்கத்துக் குடிசை நியாபுகா அதற்கு நேர் எதிர். இவன்கள் இருந்தென்ன, போயென்ன, கல்லை எடுத்து அடிப்போம் என்றாள். அவள் வாய்க்கு முகாமே பயப்படும்.

எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. கதவைத் திறந்துவிட்டவனும் அவன்தான், வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவனும் அவன்தான். அவனைக் கும்பிடவும் முடியாது, துரத்தவும் முடியாது. அவனை வேலை செய்ய வைக்க வேண்டும். எப்படி என்று யோசித்தபோதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. புத்தி என்று இப்போது சொல்கிறேன். உண்மையில் அது முழு முட்டாள்தனம்.

எங்கள் நுவேர் இனத்து ஆண்களுக்கு ஒரு வெட்கம் உண்டு. நெற்றியில் கோடு வெட்டிக்கொண்டு ஆளான பிறகு, வேற்றுப் பெண்கள் பார்க்க ஒரு கவளம் வாயில் வைக்க மாட்டார்கள். அதிலும் பெண் கேட்டிருக்கும் வீட்டுத் தாயார் எதிரே வந்துவிட்டால் பசியில் செத்தாலும் சாவார்களே தவிர மெல்ல மாட்டார்கள். படைக்காரர்கள் சாப்பிடும் கூடாரமோ எங்கள் வேலியை ஒட்டி, நாலு பக்கமும் திறந்து கிடக்கிறது. இத்தனை நாள் மரியாதைக்காக நாங்கள் அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்தோம். ஆண்பிள்ளை எந்த ஊரிலும் ஆண்பிள்ளைதானே, நாம் எல்லோரும் போய் எதிரே உட்கார்ந்து பார்ப்போம், ஒரு வேளை சோறு இறங்காமல் தவித்தால் புத்தி வரும் என்றேன். நியாபுகா கையைத் தட்டிச் சிரித்தாள். பெண்கள் திரண்டு வந்தார்கள். நெற்றி வீக்கத்தோடு நியாகோவாவும் வந்தாள்.

மதியம் சோற்று நேரத்துக்குப் போய், வேலியை ஒட்டி வரிசையாகச் சேற்றில் உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்தோம்.

அவர்கள் சாப்பிட்டார்கள். நன்றாகவே சாப்பிட்டார்கள். ஒருவன் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். இன்னொருவன் கோழிக்காலைக் கடித்துக்கொண்டே போன் எடுத்துப் படம் பிடித்தான். ஒரு புண்ணியவான் எழுந்து வந்து வேலி இடுக்கில் பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"இவனுங்களுக்கெல்லாம் மாமியாரே கிடையாதா?" என்று நியாபுகா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரே ஒருவன் மட்டும் சாப்பிடவில்லை. புருவத்தில் வெட்டுத் தழும்பு உள்ள ஓர் இளைஞன். எங்களை ஒரு முறை பார்த்தவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பாவம், இவனையாவது ஒரு தாய் வளர்த்திருக்கிறாள் என்று நான் சொன்னேன். நியாகோவா என் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"அவன்தாம்மா. வண்டி மேல நின்னவன்."

நான் அவனைப் பார்த்தேன். ஏச வேண்டும் போலிருந்தது. அவன் தலை நிமிரவே இல்லை.

போகலாம் என்று எழுந்தபோதுதான் கூடாரத்தின் கோடியில் தடாலென்று ஒரு தட்டு விழுந்தது. பார்த்தால் சுவோல். சுவோல் எங்கள் பிள்ளை, நல்லா ஆங்கிலம் படித்தவன், மேஜருக்கு மொழிபெயர்ப்பாளன். அவன் மாமன்மார் வந்து நியாகோவாவைப் பெண் கேட்டிருந்தார்கள். சமாதானம் வந்ததும் மாடு தருவதாகப் பேச்சு. எந்த சமாதானம், எந்த மாடு என்று நான் கேட்கவில்லை, பையன் நல்லவன். அந்த நல்லவன் வாய் நிறைய சோற்றோடு என் கண்ணில் பட்டுவிட்டான். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னம் உப்பிப்போய், ஜெனரேட்டர்களுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தான். அவனோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் பையன்கள் எல்லோரும், வண்டி ஓட்டுகிறவன், தண்ணீர்த் தொட்டி பார்க்கிறவன், ஜெனரேட்டர் மெக்கானிக், பாத்திரம் கழுவுகிறவன், அத்தனை பேரும் தட்டைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு மூலையாக ஓடினார்கள்.

நாங்கள் தூண்டில் போட்டது ஒரு மீனுக்கு, மாட்டியது வேறு மீன். நான் மறுபடியும் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் மூன்று வேளையும் போனோம். பையன்கள் லாரிக்குப் பின்னால் ஒளிந்து சாப்பிடப் பார்த்தார்கள். நியாபுகா ஆட்களைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கத்து வேலிக்குப் போய் நின்றாள். வெறும் வயிற்றோடு எத்தனை நேரம் வேலை செய்வது? ஒவ்வொருவனாகப் படை வேலைக்குப் போவதை நிறுத்தினான். சுவோலின் மாமன் என் குடிசைக்கு வந்து, பிள்ளை துரும்பாக இளைத்துவிட்டான், உங்கள் வீட்டு மாப்பிள்ளை ஆகப் போகிறவனை நீங்களே கொல்லலாமா என்று அழாக்குறையாகக் கேட்டார். வீட்டில் உட்கார்ந்து தாராளமாகச் சாப்பிடச் சொல்லுங்கள், அங்கே மட்டும் போக வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். இதற்குள் நாங்கள் இன்னும் இரண்டு மூலைக் கம்புகளை எரித்திருந்தோம். குடிசைக்குள் நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

படைக்காரர்களின் கேம்ப் ஊமையாகிவிட்டது. தண்ணீர் லாரிக்காரனிடம் ஒன்று சொன்னால் அவனுக்கு ஒன்று புரிந்தது. வாசலுக்கு வந்தவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று காவலுக்கு நின்றவனுக்குத் தெரியவில்லை. மேஜர் தானே வேலிக்கு வந்து கையையும் காலையும் ஆட்டி எங்களிடம் ஏதோ கேட்டுப் பார்த்தார். நாங்கள் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் ஆள் அனுப்பி சுவோலை வரவழைத்தார்.

சுவோல் வந்தான். மாமியாராகப் போகிற என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதால் மேஜரின் ஜீப்புக்குப் பின்னால் திரும்பி நின்றுகொண்டு, காட்டைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தான். கட்விச் கையைப் பிசைந்துகொண்டு ஓரமாக நின்றார். எங்களுக்கு என்ன வேண்டும் என்று மேஜர் கேட்டார். பிஸ்கட் போதவில்லையா என்றும் கேட்டார் என்று சுவோல் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"விறகு வேணும். நாங்க வெட்டிக்குவோம். கூட வரணும்" என்றேன்.

ரோந்து தினமும் போகிறதே என்றார் மேஜர்.

"ரோட்டுல போகுது. மரம் ரோட்டுலயா முளைக்குது?"

பெண்கள் சிரித்தார்கள். சுவோல் சொன்னதும் மேஜர் சிரிக்கவில்லை. வண்டி சேற்றில் இறங்கினால் புதைந்துவிடும் என்றார். வண்டியை யார் கூப்பிட்டது, அது அங்கேயே நிற்கட்டும், உங்களுக்குக் கால் இருக்கிறதல்லவா என்று கேட்டேன். காலால் நடந்து காட்டுக்குள் போனால் என் ஆட்களுக்கு ஆபத்து என்றார். அதற்குத்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஆபத்து இருக்குன்னுதானய்யா ஒங்கள இவ்வளவு தூரம் அனுப்பி வெச்சாங்க? ஆபத்தில்லாத எடத்துல நிக்க இத்தனை துப்பாக்கி எதுக்கு? எங்க பொண்ணுங்க கையில ஒரு கோடாலிய மட்டும் எடுத்துக்கிட்டு அங்க போறாங்க. அவங்களுக்கு யாரு விதி எழுதினது?"

சுவோல் மொழிபெயர்க்க வெகு நேரம் எடுத்துக்கொண்டான். எங்கள் வேலை அமைதியைக் காப்பது, சண்டை போடுவது இல்லை என்று மேஜர் சொன்னார்.

"சண்டை போடச் சொல்லல. கூட நடக்கச் சொல்றோம்."

மேஜர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவரும் கெட்டவர் இல்லை. எங்கேயோ ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குப் பயப்படுகிற மனிதர். முடியாது என்று சொல்ல வாயெடுத்தபோது ஜீப்புக்குப் பின்னாலிருந்து சுவோல் தன் சொந்த வார்த்தையாக ஏதோ ஆங்கிலத்தில் சொன்னான். என்ன சொன்னான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இந்தப் பெண்கள் இங்கே உட்கார்ந்திருக்கும் வரை எங்களில் ஒருவனும் உள்ளே வர மாட்டான், நானும் இத்தோடு வீட்டுக்குப் போகிறேன் என்றானாம். மேஜருக்கு அதன் காரணம் ஒன்றும் புரியவில்லை. ஆனால் வேலைக்கு ஆளே இல்லாமல் போய்விடும் என்ற பயம் வந்தது. மறுநாள் காலை ஆட்கள் நடந்து வருவார்கள் என்று ஒப்புக்கொண்டார்.

மறுநாள் போனோம். நியாகோவா வரமாட்டாள் என்று நினைத்தேன். அவள் நியாபுகாவின் கோடாலியை இரவல் வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றாள். வெள்ளை வண்டி ரோட்டில் நின்றது. மேஜர் அதன் பக்கத்தில் நின்றார். அவர் ஆட்கள் பூட்ஸ் சேற்றில் அமிழ எங்களோடு புல்வெளியில் நடந்தார்கள். புருவத் தழும்புக்காரனும் அதில் இருந்தான். சுவோல் எனக்குப் பின்னால் தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

புல் முடிந்து மரம் தொடங்கும் இடத்தில் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். இதுவரைக்கும்தான் உத்தரவு என்றான் அவர்களில் மூத்தவன். நாங்கள் உள்ளே போய் வெட்டிக்கொண்டு வர வேண்டுமாம், அவர்கள் இங்கே நின்று பார்த்துக்கொள்வார்களாம்.

மரங்களுக்கு நடுவே மூன்று பேர் எழுந்து நின்றதை அப்போதுதான் பார்த்தோம். தோளில் துப்பாக்கி. அவசரமே இல்லாமல் நின்றார்கள். நாங்கள் வந்தே ஆக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவன் நியாகோவாவைப் பார்த்துத் தலையைச் சாய்த்துச் சிரித்தான்.

திரும்பிவிடலாம், இன்னும் ஒரு கம்பு மிச்சமிருக்கிறது, அதையும் எரித்துவிட்டு மழையில் கிடப்போம் என்று சொல்ல வாயெடுத்தேன். நியாகோவா எனக்காகக் காத்திருக்கவில்லை. நேரே தழும்புக்காரனிடம் போய், மூச்சு படும் தூரத்தில் நின்றாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் நெற்றியில் இன்னும் வீக்கம் வற்றவில்லை.

"அன்னைக்கு நான் கத்தினது ஒனக்குக் கேட்டுச்சு. நீ திரும்பிப் போயிட்டே. இன்னைக்கு நட."

சுவோல் அதை ஒரு சொல் குறைக்காமல் சொன்னான். இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மரியாதையெல்லாம் பறந்துவிட்டது, என் பக்கத்திலேயே நின்று உரக்கச் சொன்னான்.

தழும்புக்காரன் தலையை நிமிர்த்தினான். மூத்தவனைப் பார்த்தான். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். ரோட்டிலிருந்து மேஜர் ஏதோ கத்துவது கேட்டது. தழும்புக்காரன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு, காலைத் தூக்கிக் காட்டுக்குள் வைத்தான். நியாகோவா அவன் பக்கத்தில் நடந்தாள். பின்னால் இன்னொருவன் போனான். அப்புறம் இன்னொருவன். மூத்தவன் மட்டும் தனியாக நிற்க முடியுமா? அவனும் திட்டிக்கொண்டே வந்தான். நாங்கள் எல்லோரும் உள்ளே போனோம்.

மூன்று துப்பாக்கிக்காரர்களும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். படைக்காரர்கள் யாரும் துப்பாக்கியை நீட்டவில்லை, அவர்களும் நீட்டவில்லை. சிரித்தவன் சிரிப்பை நிறுத்தினான். கொஞ்ச நேரம் கழித்து ஒருவன் காறித் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தான். மற்ற இருவரும் அவன் பின்னால் மரங்களுக்குள் மறைந்தார்கள். அவ்வளவுதான். ஒரு குண்டு வெடிக்கவில்லை. இத்தனை காலம் எங்கள் பெண்கள் பட்டதெல்லாம் இந்த நாலு எட்டு நடையில் நின்றிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். என்னோடு வந்த பெண்களில் அன்று பின்னால் வந்து சேர்ந்த அந்த இருவரும் இருந்தார்கள். அவர்கள் அழவில்லை, மரத்தை வெட்டினார்கள்.

முதல் வெட்டு போட்டவள் என் மகள். அன்று வெட்டியதுபோல் நாங்கள் என்றும் வெட்டியதில்லை. தலைக்கு மேல் தூக்க முடியாத அளவு கட்டினோம். தழும்புக்காரன் கேட்காமலேயே ஒரு கட்டின் முனையைப் பிடித்து ஏற்றிவிட்டான். நியாகோவா அடுத்த கட்டைக் கட்டப் போனாள். நன்றியும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

ரோட்டுக்கு வந்தோம். மேஜரின் முகம் இறுகிப்போயிருந்தது. உத்தரவை மீறியதற்கு அவர் ஆட்களோடு அவர் பேசிக்கொள்வார் என்றார். பிறகு எங்கள் தலைச்சுமைகளைப் பார்த்தார். காட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை அப்போதுதான் நம்பியதுபோல் கொஞ்சம் இளகினார். இப்போது திருப்திதானே, இனிமேல் கூடாரத்துக்கு எதிரே வந்து உட்கார மாட்டீர்களே என்று சுவோலை விட்டுக் கேட்டார்.

கழுத்து நோகிற சுமையோடு நின்றபடியே பதில் சொன்னேன்.

"நாளைக்கும் அடுப்பு எரியணும். விடிஞ்சதும் வாசல்ல நிப்போம். பூட்ஸ் போட்டுக்கிட்டு தயாரா இருக்கச் சொல்லு."